குடைக்காரர் காட்டிய ஊர்

எங்கள் ஊர் இரண்டு. ஒன்று நகராட்சிப் பதிவறையில் நாற்பத்தாறு இரும்பு அலமாரிகளில் இருக்கிறது. அதை முப்பத்தாறு ஆண்டுகள் நான் பார்த்துக்கொண்டேன். இன்னொன்று என் தங்கையின் கணவர் வாயில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்துப் பார்த்துவிட்டுப் போவது இந்த இரண்டாவது ஊரைத்தான்.

அவரை எல்லோரும் குடைக்காரர் என்பார்கள். மெலிந்த உடம்பு, வெள்ளைத் துணிச் செருப்பு, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த ஒரு சிவப்புக் குடை. மழைக்கும் வெயிலுக்கும் அதை அவர் விரித்ததில்லை. பின்னால் வருகிற கூட்டம் வழி தவறாமல் இருக்க அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். நடை தொடங்குவது ரயில் நிலைய வாசலில், முடிவது கடலுக்குள் நீண்டிருக்கும் இரும்புப் பாலத்தின் நுனியில். மொத்தம் 2,340 மீட்டர், பதினொரு நிறுத்தங்கள், இரண்டே கால் மணி நேரம். தூரத்தை நான் சங்கிலி வைத்து அளந்திருக்கிறேன். அவர் கூட்டத்திடம் சொல்வது ஐந்து கிலோமீட்டர். வீடு திரும்பியதும் அத்தனை பேருக்கும் கால் வலித்ததாம், நன்றிக் கடிதத்தில் எழுதுகிறார்கள்.

ஒரு காலத்தில் பணக்காரர்கள் கடல் காற்று வாங்கப் பெட்டி படுக்கையோடு வந்து மூன்று மாதம் தங்கிப் போன ஊர் இது. அவர்கள் கட்டியதில் பெரிய ஓட்டல், கடல்நீர்க் குளியல் மாளிகை, வாத்தியக்காரர்கள் நின்று வாசித்த எண்கோண மேடை, மாடி முகப்பு வைத்த மூன்று தெருக்கள் ஆகியவை மிச்சம். இப்போது வருகிறவர்கள் காலையில் வந்து, கொண்டுவந்த ரொட்டியை மணலில் உட்கார்ந்து தின்றுவிட்டு, மாலை ரயிலில் போய்விடுகிறார்கள். நடுவே ஏதாவது பார்த்தாக வேண்டுமே. அதற்குத்தான் குடைக்காரர்.

அவர் படித்து இந்த வேலைக்கு வந்தவரல்ல. பெரிய ஓட்டலில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, அப்போதிருந்த வழிகாட்டிக்குக் காய்ச்சல். இருபத்திரண்டு பேர் வாசலில் காத்திருந்தார்கள். தூறல் வேறு. விருந்தாளி ஒருவருடைய குடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இவர், "வாங்க, நான் காட்டுறேன்" என்று கிளம்பிவிட்டார். ஊரைப் பற்றி அன்று அவருக்குத் தெரிந்தது ஓட்டலின் பின்படிக்கட்டும், எந்தப் பெட்டிக்கு எந்தப் பக்கம் கைப்பிடி அறுந்திருக்கும் என்பதும்தான். மற்றதையெல்லாம் நடக்க நடக்க உண்டாக்கினார். அன்று பெய்தது பதினெட்டு மில்லிமீட்டர். அவர் சொல்வது, மூன்று கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போன புயல். ஒரு ஓடுகூட நகரவில்லை.

மூன்றாம் குறுக்குத் தெருவில் ஒரு மாடி முகப்பு இருக்கிறது. ஓர் இளவரசன் அங்கே ஏழு நாள் சாப்பிடாமல் நின்று, எதிர்வீட்டில் துணி வெளுத்த பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அந்த முகப்பைக் கட்ட அனுமதி கேட்டவர் ஒரு பல் வைத்தியர். ஈரத்துணி உலர்த்துவதற்கு என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். அப்போது எதிரே வீடு கிடையாது, குதிரை லாயம். இளவரசன் நின்றிருந்தால் குதிரையைத்தான் பார்த்திருப்பான்.

கடற்கரைச் சாலையில் ஒரு விளக்குக் கம்பம் வளைந்திருக்கிறது. கப்பலோடு போன கணவனுக்காக ஒருத்தி அதைப் பிடித்துக்கொண்டு அழுது அழுது வளைத்தாளாம். வளைத்தது ஒரு பால் வண்டி. பின்பக்கம் பார்க்காமல் வந்ததற்கு ஓட்டுநர் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதம் பத்தொன்பதாம் அலமாரியில் இருக்கிறது.

இதை ஒரு முறை, இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன், கூட்டத்தின் நடுவிலேயே சொல்லிவிட்டேன். ஓர் அம்மாள் கம்பத்தைத் தொட்டுக் கண் கலங்கிக்கொண்டிருந்தார். "பால் வண்டிங்க" என்றேன். அந்தப் பெண்ணின் மேலேயே நான் வண்டியை ஏற்றியதுபோல அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் தங்கை பதினொரு நாள் என்னோடு பேசவில்லை.

இப்படியே போயிருக்கும். போன ஆண்டு சுற்றுலாக் குழுவுக்கு ஒரு புதுச் செயலாளர் வந்தார். பெண், வயது முப்பது இருக்கும், பட்டம் இரண்டு, வாரத்துக்கு ஒரு சுற்றறிக்கை. அவருடைய நான்காவது சுற்றறிக்கை: ஊரிலுள்ள நான்கு வழிகாட்டிகளும் தேர்வு எழுத வேண்டும். எழுதக்கூட வேண்டாம், மூன்று தேர்வாளர்கள் கூடவே நடப்பார்கள், நிறுத்தத்துக்கு நிறுத்தம் கேள்வி கேட்பார்கள். நாற்பது கேள்வி, தேற இருபத்து நாலு. தேறினால் கழுத்தில் மாட்ட அட்டை. அட்டை இல்லாதவர் யாரையும் கூட்டிக்கொண்டு நடக்கக் கூடாது. விதி ஏழு: தெரிந்தே பொய்த் தகவல் சொன்னவருக்கு ஆயுள் தடை.

அந்த அறிக்கையை என் தங்கை சாப்பாட்டு மேசையில் வைத்து, பறக்காமலிருக்க அதன் மேல் உப்பு ஜாடியை வைத்தாள். அவள் பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்துக்குப் பொறுப்பாளர். நாளைக்கு முந்நூற்று நாற்பது துண்டு அவள் பார்வையில் மடிபடுகிறது. தன் வீட்டுக்காரரையும் அவள் அப்படித்தான் பார்ப்பாள், முனைக்கு முனை சரியாக இருக்கிறாரா என்று.

"இந்தாங்க, தெளிவா சொல்லிடறேன். அட்டை கிடைச்சா நடங்க. கிடைக்கலேன்னா முதல் தேதியிலேருந்து என்கூட வாங்க. துண்டு மடிக்க ஒரு இடம் காலியா இருக்கு."

"எனக்கு அறுபத்தொரு வயசாகுது."

"துண்டுக்கு அது தெரியாது."

அவள் உள்ளே போனதும் குடைக்காரர் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மச்சான், நீங்க அந்தக் கூடத்துக்குள்ள போயிருக்கீங்களா? ஆறு மெஷின். ஓட ஆரம்பிச்சா பக்கத்துல நிக்கிறவன் கத்தினாலும் கேக்காது. நாள் முழுக்க அங்க யாரும் பேசறதே இல்ல. கையாலதான் ஜாடை." தொண்டையைத் தடவிக்கொண்டார். "நான் அங்க ஒரு மாசம் தாங்க மாட்டேன்."

மனிதர் விளையாடவில்லை. பேச்சை எடுத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது ஒரு குடை.

மறுநாள் தங்கை என்னிடம் வந்தாள். "அண்ணா, ஊர்ல நடந்தது எல்லாம் உங்களுக்குத்தானே தெரியும். இந்த மனுஷன் வாயில ஒரு தடவையாவது உண்மையை ஊத்தி விடுங்க."

முப்பத்தொரு ஆண்டுகளாக இந்த வேண்டுகோளுக்காகக் காத்திருந்தேன் என்பதை மறைப்பானேன். நான்கு நாளில் பதிவுகளிலிருந்து 214 பக்கம் நகல் எடுத்தேன். நிறுத்தவாரியாகப் பிரித்தேன். ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் அலமாரி எண்.

படிப்பு அவர்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. தங்கை படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே கேள்வி கேட்பாள். கணவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும்.

"எண்கோண மேடை?"

"மொத்தம் எட்டுத் தூண். வார்ப்பிரும்பு. ரெண்டு தூண் பிறகு மாத்தினது. கூரைக்குத் துத்தநாகத் தகடு..." நிறுத்திக்கொண்டார். "அந்த வயலின்காரனைப் பத்தி ஒரு வார்த்தை..."

"எந்த வயலின்காரன்?"

"சரி, இல்ல. அப்படி ஒருத்தன் இல்ல." பெருமூச்சு விட்டார். "பாவம், நல்லா வாசிச்சான்."

"மாப்பிள்ளை, தகட்டின் கனம்?" என்றேன்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. உங்க உண்மையில ஆளே இல்லையே. ஓடு இருக்கு, குழாய் இருக்கு, கொட்டேஷன் இருக்கு. ஆள் எங்க?"

"ஆள் பேர் தெரிஞ்சாத்தான் எழுத முடியும்."

"எனக்கு அந்தக் கஷ்டம் இருந்ததே இல்ல."

பத்து நாளில் பழக ஆரம்பித்தார். பதினெட்டு நாளில் தேறினார். ஒரு சனிக்கிழமை, ஒத்திகையாக, உண்மையான கூட்டம் ஒன்றை உண்மை சொல்லிக் கூட்டிப் போனார். இரண்டே கால் மணி நேர நடை ஐம்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான்காம் நிறுத்தத்தில் ஒன்பது பேர் கழன்றுகொண்டார்கள். பாலத்து நுனியில் ஒருவர், "அவ்வளவுதானா?" என்று கேட்டார். குடைக்காரர் எனக்காகச் சிரித்தார். எனக்கோ, ஊர் முதல் முறையாகக் குளித்துத் தலை சீவி நிற்பதுபோல் இருந்தது.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர்கள் மூவர்: செயலாளர், பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் ஒருவர், பெரிய ஓட்டலின் மேலாளர். மூவர் கையிலும் அச்சிட்ட விடைத்தாள். பொதுமக்கள் யாரும் பின்தொடரலாம் என்று அறிக்கையில் இருந்ததால் நான் இருபதடி தள்ளி நடந்தேன்.

"இந்த மாடி முகப்பின் வரலாற்றுச் சிறப்பு என்ன?" என்று கேட்டார் செயலாளர்.

"துணி காயப் போட ஒரு பல் டாக்டர் கட்டினாரும்மா."

செயலாளர் தாளைப் பார்த்தார். குடைக்காரரைப் பார்த்தார். "வேறு எதுவும் சொல்ல விரும்புறீங்களா?"

"எதிர்ல குதிரை லாயம்."

பேனா ஒரு கோடு கிழித்தது. விளக்குக் கம்பத்தில் பால் வண்டி என்றார், ஒரு கோடு. மேடையில் துத்தநாகத்தின் கனத்தை மில்லிமீட்டரில் சொன்னார், நீண்ட கோடு. வரலாற்று ஆசிரியர் மட்டும் பரிதாபப்பட்டு, "கொஞ்சம் யோசிங்க. ஒரு வயலின்..." என்று எடுத்துக் கொடுத்தார். குடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். குடும்பம் முழுக்க வாசலில் நின்று அழைத்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சபதம் எடுத்தவர் முகம் அப்படித்தான் இருக்கும். "வயலின்காரன் யாரும் இல்ல சார்" என்றார்.

நாற்பதுக்கு ஒன்பது. கீழே ஒரு குறிப்பு: "ஊரின் வரலாறு குறித்து அடிப்படை அறிவு இல்லை. பதினைந்து நாளில் மறுதேர்வு, கடைசி வாய்ப்பு."

விதிப்படி விடைத்தாளின் நகலையும் கொடுத்தார்கள். அதை நான் நடைபாதையிலேயே நின்று படித்தேன். இளவரசன், ஏழு நாள், வெளுக்கும் பெண். அழுது வளைத்த கம்பம். காதலி வராததால் வில்லை முறித்துக் கடலில் எறிந்த வயலின் கலைஞன். குடைக்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"மச்சான்! இங்க பாருங்க, 'அலைகளும் மூச்சை அடக்கிக்கொண்ட மாலை'. இது நான் சொன்னது! ஒரு வார்த்தை மாறல!"

"மாப்பிள்ளை, நீங்க ஃபெயில்."

"அது சரி. ஆனா அச்சுல எப்படி இருக்கு பாருங்க!"

மறுநாள் காலை ஆறு மூலப் பதிவுகளின் நகலோடு செயலாளர் அறைக்குப் போனேன். அவர் நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பல் வைத்தியரின் விண்ணப்பத்தைப் பொறுமையாகப் படித்தார்.

"ஐயா, இது ஒரே ஒரு காகிதம்" என்றார். அலமாரியைத் திறந்து காட்டினார். "இங்க பதினேழு புத்தகம் இருக்கு. வேற வேற ஆளுங்க, வேற வேற ஊர்ல எழுதினது. பதினேழும் இளவரசர்னுதான் சொல்லுது. ஒண்ணு தப்பா இருக்கலாம். பதினேழுமா தப்பா இருக்கும்?"

பதினேழையும் புரட்டினேன். எழுதியவர்கள் அத்தனை பேரும் இங்கே வந்து ஒரு நாள் நடந்திருக்கிறார்கள். மூன்று புத்தகங்களின் முன்னுரையில் 'சிவப்புக் குடை பிடித்த அன்பருக்கு' நன்றி இருந்தது. பதினேழு ஓடையும் ஒரே குழாயில் வந்த தண்ணீர்.

அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். "இதெல்லாம் எங்கிருந்து வந்ததுன்னா..." என்று தொடங்கும்போதே விதி ஏழு நினைவுக்கு வந்தது. இவை அவர் கற்பனை என்று நான் நிரூபித்தால் விடைத்தாள் தப்பு என்றாகும். கூடவே, தெரிந்தே பொய் சொன்னவர் என்று அவருக்கு ஆயுள் தடை விழும். என் ஆறு காகிதமும் சேர்ந்து அவரை நேரே சலவைக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

"எங்கிருந்து ஐயா?" என்றார் செயலாளர்.

"பழைய காலத்திலிருந்து" என்றேன். வாழ்க்கையில் அலுவலகத்தில் உட்கார்ந்து நான் சொன்ன முதல் பொய் அது. செயலாளர் தலையாட்டி அதைக் குறித்துக்கொண்டார். உண்மையைச் சொன்ன அரை மணி நேரத்தில் அவர் பேனாவைத் தொடவே இல்லை.

தங்கை எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு என் 214 பக்கத்தையும் எடுத்து அலமாரி மேல்தட்டில் வைத்தாள்.

"அண்ணா, இந்த ஒரு தடவை உங்க வாய்க்குப் பூட்டு. என்னங்க, எழுந்து நில்லுங்க. இளவரசன் எத்தனை நாள் நின்னான்?"

"பதினாலு."

"ஏழு!"

"அது பழசு. இப்பல்லாம் பதினாலு நாள்தான் சொல்றேன். ஏழு நாள் பட்டினின்னா எவனும் அசைய மாட்டேங்கறான்."

இதுதான் புதுச் சிக்கல். ஒரே பொய்யை இரண்டு முறை ஒரே மாதிரி சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. அச்சில் ஏறியவை ஏதோ ஒரு வருடத்துப் பொய்கள். இளவரசன் அதற்குப் பிறகு வளர்ந்துவிட்டான், அவனுக்கு ஒரு நாய்கூடச் சேர்ந்திருந்தது. வெளுக்கும் பெண் கையுறை தைப்பவளாகி, மறுபடி வெளுக்கப் போயிருந்தாள். அத்தனையையும் அவர் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

"போன மாசம் உண்மையை உருப்போட்டேன்" என்றார், தலையைப் பிடித்துக்கொண்டு. "அதையாவது பொறுத்துக்கலாம். பொய்யை உருப்போடறது இருக்கே, எதிரிக்குக்கூட வரக் கூடாது."

"நாய் வேணாம்" என்றாள் தங்கை.

"நாய் நல்ல நாய்டி."

"மெஷின் சத்தம் ஞாபகம் இருக்கா?"

நாயை விட்டுவிட்டார்.

மறுதேர்வு அன்று காற்று பலமாக இருந்தது. தங்கையும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள், என் வாய் திறந்தால் மூடுவதற்கு. குடைக்காரர் சிவப்புக் குடையைத் தூக்கினார். இளவரசன் ஏழு நாள் நின்றான். செயலாளர் புன்னகையோடு சரி போட்டார். கம்பத்தில் அந்தப் பெண் அழுதாள், சரி. வயலின்காரனுக்கு வந்தபோது அவருக்கே ஆள் திரும்பி வந்த சந்தோஷம். வில்லை முறிக்கிற சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார். ஓட்டல் மேலாளர் கேள்வி கேட்க மறந்துபோனார். வழியில் போனவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆறாம் நிறுத்தத்தில் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டுப் பேர். இரண்டு இடத்தில் வாய் தவறி நாய் வந்துவிட்டது, இரண்டு மதிப்பெண் போயிற்று. தங்கை பல்லைக் கடித்தாள்.

ஒன்பதாம் நிறுத்தம் கடல்நீர்க் குளியல் மாளிகை. விடைத்தாளில் இருந்தது: பதினொரு நாள் வெந்நீரில் குளித்து ஓர் அரசியின் முழங்கால் வலி தீர்ந்த இடம். ஐந்து கேள்விகள் இதற்கு மட்டும். எல்லாம் அரசியைப் பற்றி.

குடைக்காரர் படிக்கட்டின் கீழே நின்று குடையை இறக்கினார்.

"இங்க குளிக்கிற தொட்டி எல்லாம் மேல் மாடியில. வெந்நீர் போட்ட இடம் கீழ. குழாய் போடற வரைக்கும் ஒன்பது பொம்பளைங்க அண்டாவுல வெந்நீரைத் தூக்கிக்கிட்டு இந்த அறுபத்து நாலு படியும் ஏறினாங்க. பின்பக்கப் படி இடிஞ்சிருந்த வருஷம், இந்த முன்படி வழியா போகச் சொன்னாங்க. அவங்க ஒரு மனு போட்டாங்க. கூலி கேக்கல. லீவு கேக்கல. படி ஈரமா இருக்கு, ஏறும்போது ஒரு கையால இந்தக் கைப்பிடியைப் பிடிச்சுக்கலாமான்னு கேட்டாங்க. ஒன்பது பெருவிரல் ரேகை. பதில் ஒரே வரி வந்தது: கைப்பிடி விருந்தினருக்கு மட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். கூட்டம் கைப்பிடியைப் பார்த்தது. பித்தளை, வழவழவென்று. அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த வரலாற்று ஆசிரியர் கையை எடுத்தார்.

அது என் 214 பக்கத்தில் 163ஆம் பக்கம். படிகளின் எண்ணிக்கை அந்த மனுவில் இருந்தது என்பதற்காகத்தான் அதை நான் நகல் எடுத்தேன். மீதி வரிகளை முப்பத்தாறு ஆண்டுகளில் எத்தனை முறை கண்ணால் கடந்திருக்கிறேன் என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

தங்கை என் காதில், "ஐயோ, அஞ்சு மார்க்" என்றாள். ஆனால் அவள் குரலில் வழக்கமான வெட்டு இல்லை. ஈரத் துணியோடு படி ஏறுவது எப்படி என்று அவளுக்குத் தெரியும்.

செயலாளர் தாளைப் புரட்டினார். "அரசி...?" என்றார்.

"தெரியும்மா. பதினொரு நாள். முழங்கால்."

"பின்ன ஏன் வேற சொன்னீங்க? மத்த இடத்துல எல்லாம் சரியாத்தானே சொன்னீங்க?"

குடைக்காரர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "மத்தது எல்லாத்துலயும் ஏதாவது சேர்க்கலாம்னு தோணும். இதுல என்ன சேர்க்கறதுன்னு எனக்குத் தெரியலம்மா."

செயலாளர் ஐந்து கேள்விகளுக்கும் சுழியம் போட்டார். விடைத்தாளில் இருப்பது விடைத்தாளில் இருப்பது. ஆனாலும் பேனாவை மூடியபின் அறுபத்து நாலு படிகளையும் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். கைப்பிடியைத் தொடவில்லை. மேலே போய்ச் சேரும்போது மூச்சு வாங்கியது.

மொத்தம் முப்பத்து மூன்று. அட்டை திங்கட்கிழமை வந்தது. தங்கை அதைக் கழுத்தில் மாட்டிவிட்டு, நாடா முறுக்கிக்கொண்டிருந்ததைச் சரிசெய்தாள்.

"துண்டு மடிக்க வேற ஆள் பாத்துக்கறேன்" என்றாள். "போங்க. போய்ப் பேசிட்டு வாங்க."